புதன்கிழமைக்குத் தெற்கு

7

பகல் பதினொரு மணிக்குள் குங் ஒரே பொய்யைப் பதின்மூன்று மருந்துக் கடைகளில் சொல்லிவிட்டான். தன் முதலாளி சவேங் போன மாதம் மொத்தமாக விட்டமின் சி மாத்திரை வாங்கினார், ரசீது தொலைந்துவிட்டது, நகல் வேண்டும் என்பது அந்தப் பொய். சவேங்கை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமலிருக்க வழியில்லை. சகோன் நகோன் நகரத்தில் நாலு சாலை கூடும் இடத்திலெல்லாம் அவர் முகம் பலகையில் நின்றது. 'நூறு மழை' பொடி டப்பாவைக் கன்னத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, பல்வலிக்கு ஒத்தடம் கொடுப்பவரைப்போல அதில் சிரித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவரோ அவர் ஆட்களோ மாத்திரை வாங்கியதாக ஒரு கடையிலும் சொல்லவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த பப்பாளிக்காய்ச் சாலட் கடையில் பிம்பா காத்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில், செத்தவர்கள் உண்மையிலேயே செத்தார்களா என்று பார்ப்பது அவள் உத்தியோகம். இப்போது அதே சந்தேகத்தைச் சொந்தமாக நடத்துகிறாள். பக்கத்தில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் புவா உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னாலிருந்த சோற்றுக்கூடை மூடி திறக்கப்படவில்லை.

"பதிமூணு கடை அக்கா. ஒண்ணுலயும் இல்ல" என்றான் குங். "கடைசிக் கடையில மட்டும் வண்டிய மோந்து பாத்துட்டு, கணவாய் இருக்கான்னு கேட்டாங்க."

அவன் மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் ஆறு வருடம் கணவாய் மீன் சுட்டு விற்றவன். துப்பறிய வந்து மூன்று வருடம் ஆகியும் பெட்டி பழைய தொழிலை விடவில்லை.

பிம்பா மிளகாயை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லூரியில் புவாவின் விசாரணை. ஐந்தரை மணிக்கு அவளுக்கு வேலை இருக்காது. பொய் எண் எழுதியவள் என்ற பெயரோடு வெளியே போனால், வேறெந்த ஆய்வகமும் சோதனைக் குழாய் கழுவக்கூட அவளைக் கூப்பிடாது.

விஷயம் இவ்வளவுதான். 'நூறு மழை' என்பது ராங் சூட் கொடியின் இலைப்பொடி. குடித்த மறுநாள் காலையில் ஊர் ஆண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு தேடிப்போகும் அதே கொடி. தலைவலிக்குப் பயப்படுகிறவர்களைவிடக் கிழடாவதற்குப் பயப்படுகிறவர்கள் அதிகம் என்று கண்டுபிடித்தவர் சவேங். உடம்பைத் துருப்பிடிக்காமல் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் இந்த இலையில் இருக்கிறது என்று யாரோ சொன்னதும், அந்தச் சொல்லை இலையின் பெயரைவிடப் பெரிதாக டப்பாவில் அச்சடித்தார். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு பொட்டலம் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனது. புவா சோதித்து 412 என்று எழுதிக் கொடுத்தாள். மங்குஸ்தான் தோல்கூட அந்த உயரத்தைப் பார்த்ததில்லை. போன வாரம் நுகர்வோர் சங்கத்தார் கடையில் ஐந்து டப்பா வாங்கி பாங்காக்கில் சோதித்தார்கள். வந்த எண் 2.

நானூற்றுப் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் யாரோ பொய் சொல்லியிருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு ஏசி வாங்கிக் கொடுத்தவர் சவேங். புவா எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. ஆகவே கல்லூரி அதிக நேரம் யோசிக்கவில்லை.

புவா அதிகம் பேசமாட்டாள். பேசியதில் உருப்படியானது ஒன்று. சோதனைக்கு வைத்திருக்கும் திரவம் நாவல்பழ நிறம். மருந்தைச் சொட்டுவிட்டால் அது வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சக்தி. இலைச்சாறு அந்த வேலையை ஆற அமர, அரை மணி நேரம் எடுத்துச் செய்யும். சவேங்கின் பொட்டலமோ சொட்டு விழுந்த கணமே வெளுத்துவிட்டது. அப்படி அவசரப்படுவது விட்டமின் சி. புவா இதை அறிக்கையில் 'குறிப்பு' என்ற கட்டத்துக்குள் எழுதியிருந்தாள். அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

மீதிப் பொட்டலம் துணை முதல்வர் பைரோட்டின் அலமாரியில் முத்திரையிட்டுப் பூட்டியிருந்தது. அதைத் திறந்து பாருங்கள் என்று பிம்பா கேட்டதற்கு, அது சான்று, விசாரணை முடிந்த பிறகுதான் திறக்க முடியும் என்றார் அவர்.

"எரிச்சு முடிச்சிட்டு பிரேதப் பரிசோதனைக்கு வரச் சொல்ற மாதிரி" என்று குங் அப்போதே சொன்னான்.

பொட்டலத்தைத் தொட்டது மூன்று கை. சவேங்குக்கு இலை கொடுப்பவரும், டப்பாவில் படம் போட்டிருப்பவருமான கம்பான் வைத்தியர் இலையை அரைத்துக் கட்டி முத்திரை வைத்தார். சவேங் கொண்டுபோய்க் கொடுத்தார். புவா பிரித்தாள். குங்குக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் கிடையாது. பலகையில் அப்படிச் சிரிக்கிறவன் எதையும் செய்வான். அந்த நம்பிக்கையில்தான் ஒரு காலைப்பொழுது போனது.

"வைத்தியரப் பாத்துட்டு வரலாம்" என்றாள் பிம்பா.

"அவரு எதுக்கு அக்கா? அடுத்த மாசம் அவருக்கு அரசாங்க விருது. நாட்டுக்கே குருன்னு பட்டம் கொடுக்கப் போறாங்க."

"அதான். பட்டம் வந்தப்புறம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது."

கம்பான் வைத்தியரின் வீடு நகரத்தின் தெற்கு விளிம்பில் கடைசி வீடு. வாசலுக்கு எதிரே, சாலையின் மறுபுறம், பளபளவென்று ஒரு மருந்துக் கடை. குங் வெளியில் நின்றபடியே அங்கே விசாரித்துவிட்டான். காலையில் போன பதின்மூன்றில் அது சேர்ந்ததல்ல. வைத்தியர் தலைவலி மாத்திரைக்குக்கூட இந்தப் படி ஏறியதில்லை, எங்கள் கண்ணாடியைப் பார்த்துத் துப்புவார் என்று கடைக்காரன் சொன்னான். குங் அதை உள்ளே வந்து பிம்பாவின் காதில் போட்டான். வைத்தியர் சந்தேகத்திலிருந்து கழன்றார் என்று அவனுக்குச் சந்தோஷம்.

உள்ளே ஒரு விவசாயி திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மனைவியின் மூட்டுவலிக்கு இலை பறித்துவரச் சொல்லியிருக்கிறார்கள். பறித்து வந்திருக்கிறார், ஒரு சாக்கு நிறைய. எங்கே பறித்தாய் என்று வைத்தியர் கேட்டார். குளத்தோரம் என்றார். குளம் வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். மேற்கு என்றார். வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு சுவரைக் கைகாட்டினார். எந்தக் கிழமை எந்தத் திசையில் மருந்து எடுக்கலாம் என்று எழுதிய மரப்பலகை அங்கே தொங்கியது. ஞாயிறு, செவ்வாய் கிழக்கு. திங்கள், சனி மேற்கு. புதன், வெள்ளி தெற்கு. வியாழன் வடக்கு.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன், வைத்தியரப்பா."

"அப்ப இது மருந்தில்ல. மாட்டுத் தீனி. கொண்டு போ."

விவசாயி சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். பிம்பா தரையில் பாயில் உட்கார்ந்து கும்பிட்டாள். தங்களுக்கு ஒன்றும் தெரியாது, பறிக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லித் தரவேண்டும் என்று கேட்டாள். விருது வரப்போகிறவரிடம் இதைக் கேட்கக் கூடாது. அவர் எழுந்து முற்றத்துக்கே அழைத்துப் போனார். கொடியை நேராக நெருங்கவில்லை; பக்கவாட்டில் நண்டுபோல நகர்ந்தார். எடுக்கிறவனுடைய நிழல் மருந்தின்மேல் விழக்கூடாதாம், விழுந்தால் சக்தி ஆளிடம் போய்விடுமாம். உதட்டுக்குள் மந்திரம் சொன்னார். மூச்சை இழுத்து அடக்கினார். அடக்கியபடியே நாலு இலை கிள்ளினார். பிறகுதான் விட்டார்.

"தண்ணிக்கு அடியில செடி இருந்தா நல்லாருக்கும்" என்று குங் முணுமுணுத்தான். பிம்பா அவன் காலை மிதித்தாள்.

"இந்த விதியெல்லாம் எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தானே வைத்தியரப்பா?" என்றாள் அவரிடம். "உங்க கைக்கு எதுக்கு விதி?"

அவர் முகம் கறுத்தது. விதிக்குத் தான் விலக்கா என்று கேட்டார். நாற்பது வருடத்தில் ஒரு நாள், ஒரு வேர், ஒரு விதை தப்பான திசையிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. வந்திருந்தால் கை அழுகியிருக்கும் என்றார். பிம்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். போகிறபோக்கில், ஆய்வகத்துக்குப் போன பொட்டலம் எந்தக் கிழமை கட்டியது என்று விசாரித்தாள்.

"புதன். எல்லாம் அன்னைக்கே எடுத்து, அன்னைக்கே அரைச்சு, அன்னைக்கே கட்டினது" என்றார் வைத்தியர். சவேங் கேட்டபடி கட்டிக் கொடுத்தாயிற்று, அந்தப் பெண் ஏதோ குளறிவிட்டாள் என்றும் சொன்னார். நாலு மணிக்குத் தானும் விசாரணைக்கு வருவதாகவும், பாவம், அவளை ரொம்பத் தண்டிக்க வேண்டாம் என்று சொல்லப்போவதாகவும் சொன்னார்.

வண்டிக்கு வந்ததும் குங் கணக்குப் போட்டான். சவேங் வாங்கவில்லை. வைத்தியர் எதிர்க்கடைக்கே போனதில்லை. மூன்று கையில் இரண்டு போனால்... அவன் நிறுத்திக்கொண்டான். மிச்சமிருந்த கை புவாவுடையது. 

"எதிர்க்கடை எந்தத் திசை?" என்றாள் பிம்பா.

"வாசல் வடக்கு பாத்திருக்கு. அப்ப வடக்கு."

"நீ காலையில ஏறி இறங்குன பதிமூணு?"

குங் திரும்பி நகரத்தைப் பார்த்தான். நகரம் முழுவதும் அந்த வீட்டுக்கு வடக்கே கிடந்தது.

"புதன்கிழமை மருந்து எடுக்கணும்னா அவரு எங்க போவாரு?"

"அக்கா, அது மாத்திரை. டப்பாவுல விக்கிறது. கம்பெனி மெஷின்ல செய்யிறது."

"ஒரு வேர், ஒரு விதைன்னு சொன்னாரு. மாத்திரை மட்டும் வடக்க இருந்து வந்தா கை அழுகாதா? வண்டிய தெற்க விடு."

தெற்கே சாலை நேராக வயலுக்குள் போனது. எருமைகள், மின்கம்பங்கள், ஒரு கோயில், மறுபடி எருமைகள். குங் போகிற வழியெல்லாம் பேசினான். திருடப்போகிறவன் நல்ல நேரம் பார்த்துப் புறப்படுவது சரி, அதைக் கேள்விப்பட்டிருக்கிறான். திருட்டுக்கு மூலிகை சாஸ்திரம் பார்க்கிறவனை இப்போதுதான் பார்க்கிறான். பதினெட்டாவது கிலோமீட்டரில் முதல் மருந்துக் கடை வந்தது. உரமும் ஊசியும் குழந்தைப் பாலும் ஒரே அலமாரியில். கடைக்காரி ராத்ரி நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குங் தன் பதினாலாவது பொய்யைத் தொடங்குவதற்குள் பிம்பா கேட்டுவிட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு மாத்திரை வாங்கிய ஆள் யாராவது வந்தாரா?

ராத்ரி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "அவரு உங்க ஆளா? நான் பக்கவாதம்னு நெனச்சு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டேன். இந்தா, போன்ல எங்க ஊர் லைன் ஆப் குரூப்புல போட்டேன். ஊரே பாத்து சிரிச்சுது."

கடைக் கேமராவின் படம். மூலையில் தேதி இருந்தது, புதன்கிழமை. தொப்பியும் முகக்கவசமும் போட்ட மனிதர் ஒருவர் உள்ளே வருகிறார். விட்டமின் அலமாரியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நேராகப் போகவில்லை. வாசல் வெளிச்சத்தில் தன் நிழல் அலமாரிக் கண்ணாடியில் விழுவதைப் பார்த்து நிற்கிறார். ஒரு பக்கம் ஒதுங்குகிறார், மறுபக்கம் ஒதுங்குகிறார், கடைசியில் உரமூட்டையில் முதுகு உரச நண்டுபோல் போய்ச் சேர்கிறார். முகக்கவசம் கொஞ்ச நேரம் அசைகிறது. மார்பு உப்புகிறது. கை நீள்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு பாட்டில். ராத்ரி எழுந்து ஓடிவருகிறாள். அவர் மூச்சை விடுகிறார்.

"ஆனா முகம் தெரியலையே அக்கா" என்றான் குங். "மாஸ்க் போட்டவன் யாரா வேணா இருக்கலாம்பாங்க."

"யாரா வேணா இருக்கலாம். மாத்திரைக்கு மந்திரம் சொல்றவன் எத்தன பேரு இருப்பான்?" என்ற பிம்பா, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னாள். "முகத்த அவரே காட்டுவாரு."

நாலு மணிக்குப் பைரோட்டின் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏசி நன்றாக வேலை செய்தது. மேசையில் புவாவின் ராஜினாமா கடிதம் தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. காரணம் உடல்நிலை என்று போட்டிருந்தார்கள். அவளுக்கு விடைகொடுக்கும் பரிசாகச் சவேங் ஒரு டப்பா 'நூறு மழை' கொண்டுவந்திருந்தார். வைத்தியர் வெள்ளைச் சட்டையில் தலைமை இடத்தில் இருந்தார். புவா கதவோரம்.

பிம்பா இரண்டு நிமிடம் கேட்டாள். சுவரிலிருந்த பெரிய தொலைக்காட்சியில் படத்தை ஓடவிட்டாள். வாசல், நிழல், உரமூட்டை, நாலு பாட்டில். முதலில் தெளிந்தவர் பைரோட். முகம் தெரியவில்லை, யார் இது, இதற்கும் விசாரணைக்கும் என்ன சம்பந்தம் என்றார்.

"யாரோ ஒரு போலி வைத்தியன் சார்" என்றாள் பிம்பா. "பெரியவரு இங்க இருக்கிறதால ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேன். வைத்தியரப்பா, இந்த ஆளுக்கு முறையே தெரியல, இல்லையா? மூணாவது பாட்டில் எடுக்கும்போது பாருங்க. நிழல் மேல விழுது."

"விழல" என்றார் வைத்தியர்.

"விழுந்த மாதிரிதான் இருக்கு. யாரோ அரைகுறை. திசையும் தப்பா இருக்கும்."

"தெற்கு. புதன்கிழமை தெற்கு. நிழல் விழல, மூணாவதுக்கு நான் இடது பக்கம் நகர்ந்தேன். நல்லாப் பாரு."

குங் ஒரு பகிடிக்காக வாயைத் திறந்தான். தேவையில்லை என்று மூடிக்கொண்டான்.

வைத்தியர் தான் சொன்னதைத் தானே கேட்டார். பிறகு தொலைக்காட்சியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். போன வருடம் பக்கத்து மாவட்டத்து மூலிகை மாத்திரைக்கு முன்னூறு வந்தது, அதற்குக் கீழே வந்தால் உங்கள் படத்தை டப்பாவிலிருந்து எடுத்துவிடுவேன் என்று சவேங் சொன்னார் என்றார். நாற்பது வருடம் நோயாளி எழுந்து நடந்தால் போதுமென்று இருந்தது. இப்போது எண் கேட்கிறார்கள். இலையில் எண் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியாது. மாத்திரையும் மருந்துதானே; அதையும் முறைப்படிதான் எடுத்தேன் என்றார்.

எல்லோரையும்விட அதிர்ந்தது சவேங்தான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப அந்த நானூத்திப் பன்னெண்டு மாத்திரையா? இல்ல நிஜமாவே கேக்குறேன். உங்க இலைக்கு அவ்வளவு சக்தின்னு நம்பித்தானே நான் நாப்பதுல ஒரு பங்கு போட்டு மிச்சம் அரிசித் தவிடு கலந்தேன். கலந்தாலும் எண் ஒரு பத்துலயாவது நிக்கும்னு நெனச்சேன். என்ன இப்படி ஏமாத்திட்டீங்களே."

அவர் உண்மையாகவே மனம் புண்பட்டிருந்தார். தான் சொன்னது அறைக்குள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெல்ல உட்கார்ந்தார். பரிசு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பைரோட் தொண்டையைச் செருமினார். கல்லூரி, மாவட்டம், விருது, பெரியவருடைய வயது என்று வரிசையாகப் பேசினார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எல்லாம் ஒரு தவறான புரிதல் என்றார். கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். திங்கட்கிழமையிலிருந்து புவா வழக்கம்போல வேலைக்கு வரலாம், இதைப் பற்றி யாரும் எங்கும் பேசவோ எழுதவோ வேண்டியதில்லை என்று முடித்தார். முடித்ததும், பெருந்தன்மை செய்தவரைப்போலப் புவாவைப் பார்த்தார்.

குங் பிம்பாவைப் பார்த்தான். பிம்பா அசையவில்லை. அவளுடைய வேலை முடிந்துவிட்டது.

புவா எழுந்தாள். மேசைவரை வந்தாள். 

"எழுதிக் கொடுங்க சார்."

"என்னத்தம்மா எழுதறது? அதான் கிழிச்சாச்சே."

"நான் எழுதுன எண் சரின்னு. குழாயில இருந்தது நானூத்திப் பன்னெண்டுதான். அத சரியாத்தான் அளந்தேன். அத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. இல்லன்னா அந்தப் படம் ஊர்ல ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஏற்கனவே ஒரு குரூப்புல இருக்கு."

பைரோட் பேனாவைத் தேடினார். நாலு வரி எழுதினார். புவா நின்றபடி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"தேதி போடல சார்."

போட்டார். அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைவழியில் வைத்தியர் அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"மகளே, வெறும் இலை மட்டும் வச்சா... எவ்வளவு வரும்?"

"எனக்குத் தெரியாது வைத்தியரப்பா. நல்லாவும் வரலாம். வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"எப்ப பாப்ப?"

புவா ஆய்வக வாசல் மேசையிலிருந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை உருவிக் கொடுத்தாள். பெயர், ஊர், பொருள், எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்றாள்.

"உங்களுக்கு முன்னால பதினாலு பேரு இருக்காங்க. உக்காருங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.